பிலோமினாவுக்கு மட்டும் மாறாத பாட்டு

தேரிமுக்கில் அந்தப் பாட்டு முதன்முதலாக வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேமுக்கால் மணிக்கு, டீ மாஸ்டர் சூசையின் வாய் வழியாக. அதற்கு முந்தின நாள் வரைக்கும் ஊரில் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி கிடந்த பாட்டுதான். கல்யாண வீடு, சடங்கு வீடு, உப்பு லாரி, சைக்கிள் கடை என்று நாலு வருசமாக ஓய்வில்லாமல் ஓடி, பல் முளைக்காத பிள்ளைகூட எச்சில் வடிய முனகுகிற அளவுக்குப் பழகிப்போன சினிமாப் பாட்டு: 'பாதி விடிஞ்சிருச்சு, மீதி உன் கையிலே, சேதி சொல்லும் காக்கா இன்னும் தூங்குது கூரையிலே.' சூசை தினமும் முதல் டீயை ஆற்றும்போது அதைத்தான் பாடுவார், அன்றைக்கும் அதைத்தான் பாட வாயைத் திறந்தார், வந்ததோ சபா மேடைக் கச்சேரி. 'பாதி' என்கிற ஒரே சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, அதை மேலே தூக்கி, கீழே இறக்கி, புரட்டிப் போட்டு, நெய்யில் வதக்கி, ஒன்பது நிமிசம் இழுத்தார். வலது கை தானாகத் தொடையில் தாளம் போட்டது, இடது கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த உப்பளத்து ஆட்கள் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் மட்டும், "மாஸ்டர், 'விடிஞ்சிருச்சு' எப்ப வரும்? எனக்கு எட்டு மணிக்கு வேலை," என்று கேட்டார்.

மத்தியானத்துக்குள் அது ஊர் முழுக்க இறங்கிவிட்டது. மழை இறங்குவதைப் போல, சாமி இறங்குவதைப் போல, பாட்டு இறங்குவது என்றே ஊர் அதைச் சொல்லப் பழகிக்கொண்டது. ஐஸ் கம்பெனித் தெரு செல்லக்கனி மீன் கழுவிக்கொண்டே அந்தப் பாட்டை எடுத்தபோது, அவளுடைய ஒரே தொண்டையிலிருந்து நாலு குரல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாதா கோயில் பாடகர் குழு மாதிரி வந்தது. அவள் பயந்துபோய் வாயைப் பொத்தினாள், பொத்திய பிறகும் அடிக்குரல் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பாடிவிட்டுப் போனது. பிரம்பில்லாமல் வெளியே வராத ஹெட்மாஸ்டருக்கு, சாவு ஊர்வலத்தில் டின்னைத் தட்டிப் பாடுகிற கானா இறங்கியது. கல்யாணமாகிப் பதினோரு நாளே ஆன ஒரு புதுப்பெண்ணுக்கு ஒப்பாரி இறங்கியது; மாமியார்க்காரி தாலியைத் தொட்டுப் பார்த்து, மகனைத் தொட்டுப் பார்த்து, இரண்டும் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, "என்ன இழுப்பு இழுக்கா பாருங்க, எங்கம்மை செத்தப்பக்கூட இப்படி ஆரும் அழல," என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள். ஒரு உப்பு லாரி டிரைவருக்கு வந்தது என்ன ரகம் என்றே ஒருவருக்கும் பிடிபடவில்லை; வங்கிக்கு மாற்றலாகி வந்திருந்த வெளியூர் மேனேஜர்தான் ஓடி வந்து கேட்டுவிட்டு, இது ப்ளூஸ், கடல் தாண்டி ஒரு தேசத்தில் பருத்திக்காட்டில் அடிமை வேலை செய்தவர்கள் வழியாக வந்த பாட்டு என்று சொன்னார். டிரைவர் அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனுகளுக்கும் கையில கொப்புளம் இருந்திருக்கும்லா சார்," என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

வியந்து நிற்க ஊருக்கு நேரமில்லை, அது மாசி மாதம், உப்பு வாருகிற காலம். அதனால் ஆகவேண்டியதை மட்டும் கவனித்தார்கள். சொல் மாறவில்லை, மெட்டும் அடியில் அதே மெட்டுதான், ரகம் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது முதல் வாரத்தில் தெரிந்தது. ஊருக்கு வடக்கே ஓடைப் பாலத்தைத் தாண்டினால் பாட்டு பழையபடி ஆகிவிடுகிறது, திரும்பி வந்தால் திரும்ப இறங்குகிறது என்பதை பஸ் கண்டக்டர்கள் சொன்னார்கள். டேப்பில் போட்டாலும் தப்பவில்லை. கேசட்டில் பாடுகிற பெரிய பாடகியின் குரல் அதே குரலாக இருக்கும், ஆனால் பொத்தானை அழுத்தியவர் யாரோ அவருடைய ரகத்தில்தான் அந்த அம்மாள் பாடுவார். சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் இதைக் கேள்விப்பட்டு வந்து, நாலு நாள் தங்கி, பன்னிரண்டு பேரைப் பாடவைத்துப் பன்னிரண்டு கேசட் எடுத்துக்கொண்டு போனார். பாலம் தாண்டியதும் அவர் கையில் இருந்தது ஒரே பாட்டின் பன்னிரண்டு கேசட்.

பிலோமினாவுக்கு மட்டும் இறங்கவில்லை.

பிலோமினா ஜீவமணி இன்னிசைக் குழுவின் பாடகி, நாற்பத்தொரு வயசு, செல்லக்கனிக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறவள். இருபத்திரண்டு வருசமாக மேடையில் அவள் தன் குரலில் ஒரு வரி பாடியதில்லை, ஒருவரும் அதைக் கேட்டதும் இல்லை. ரிக்கார்டு எப்படியோ அப்படிப் பாடுவதுதான் அவள் தொழில். பெரிய பாடகி மூக்கால் பாடினால் இவளும் மூக்கால் பாடுவாள், அந்த அம்மாளுக்குப் பதிவு நாளில் சளி பிடித்திருந்தால் இவளுக்கும் சளி பிடித்திருக்கும். 'பாதி விடிஞ்சிருச்சு' பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஸ்டூடியோவில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் லேசாகக் கேட்கும், அதையும் அவள் நாக்கை மடக்கிப் போட்டுவிடுவாள், அந்த இடத்தில் கூட்டம் விசிலடிக்கும். தொழில் ஒட்டிக்கொண்டு, பேச்சிலும் அவளுக்கு இரவல் குரல்தான். பலசரக்குக் கடையில் சினிமா அம்மா நடிகையின் குரலில் துவரம்பருப்பு கேட்பாள், மாதா கோயில் சாமியாரிடம் ரேடியோ நாடகக் குரலில் பாவசங்கீர்த்தனம் செய்வாள், வீட்டு வாசலில் வந்து நிற்கிற நாயைக் கலெக்டர் குரலில் விரட்டுவாள்.

அவள் இந்தப் பாட்டைப் பாடினால் பழைய பாட்டுதான் வந்தது. மூக்கு, சளி, நாற்காலி உட்பட.

முதலில் எல்லாரும் அது அவளுடைய சாமர்த்தியம் என்று நினைத்தார்கள், இத்தனை காற்றிலும் அணையாத விளக்கு என்று சூசைகூடச் சொன்னார். பிறகு பங்குனி வந்தது. பங்குனிக்குள் ஊர் இந்தப் பாட்டை வைத்து ஒரு புது வாழ்க்கையே கட்டிவிட்டிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை வாங்கி மடியில் வைத்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன ரகம் இறங்கியிருக்கு?" என்று கேட்டார்கள், பெண்ணுக்கு ஒப்பாரியும் மாப்பிள்ளைக்குக் கும்மியும் என்றால் எட்டுப் பொருத்தம் என்றும், இரண்டு பேருக்கும் கானா என்றால் வீடு தாங்காது என்றும் தரகர்கள் விதி எழுதினார்கள். ஏட்டையாவுக்குக் கவ்வாலி இறங்கியிருந்தது. அதற்குப் பின்னால் கைதட்ட ஆள் வேண்டும் என்பதால், லாக்கப்பில் இருந்த இரண்டு கோழித் திருடர்களை அவர் வெளியே விட மனமில்லாமல் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தார், அவர்களும் தாளம் பிடிபட்டுவிட்டது என்று சொல்லி மறுநாளும் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வெளியே எங்கே கண்ணில் பட்டாலும் பிள்ளைகள், "சார், ஒரே ஒரு வரி சார்," என்று கேட்க, அவர் பிரம்பை ஓங்கி, ஓங்கிய பிரம்பாலேயே பக்கத்துச் சுவரில் தாளம் போட்டு ஒரு வரி கொடுத்துவிட்டு நடந்தார். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித் தேடுவதுகூடக் குறைந்துபோய், தாலாட்டு வீட்டுக்கு எந்தத் தெரு, லாவணிக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று விசாரிக்கிற நிலை வந்தது.

இறங்காதவள் என்று ஊரில் ஒரே ஒருத்தி இருந்ததால், பிலோமினாவின் வீட்டுக்கும் வழி சொல்ல அது வசதியாக இருந்தது.

"இன்னும் இறங்கலியாட்டி?" என்று குழாயடியில் கேட்டார்கள், மீன் சந்தையில் கேட்டார்கள், கோயில் படியில் கேட்டார்கள், கல்யாணமாகாத பெண்ணை, பிள்ளையில்லாத பெண்ணைக் கேட்கிற அதே மெதுவான குரலில், அதே தலைச்சாய்ப்புடன் கேட்டார்கள். செல்லக்கனி ஒரு செம்பில் கஷாயம் கொண்டுவந்தாள்.

"மதினி, இதுல தூதுவளையும் சுக்கும் போட்டிருக்கேன். மூணு நாள் குடிங்க, அடைச்சிருக்கது தானா உடைச்சிக்கிட்டு வரும்."

"அடைக்கல செல்லக்கனி. நல்லாத்தான் பாடுதேன்," என்றாள் பிலோமினா, ஒரு பழைய கதாநாயகியின் குரலில்.

"பாடுதீக மதினி, ஆரு இல்லங்கா? அவுகள மாதிரியே பாடுதீக. அதான் நோக்காடு."

பிலோமினா முயன்று பார்க்காத இடமில்லை. அடுப்படியில் பாடினாள், கிணற்றுக்குள் தலையை விட்டுப் பாடினாள், உச்சிவெயிலில் சிவப்புத் தேரிமணலில் செருப்பில்லாமல் நின்று பாடினாள், கால் கொதித்ததே தவிரப் பாட்டு மாறவில்லை. செல்லக்கனி மாதிரி நாலு குரலில் பாட முயன்றால் செல்லக்கனியைப் பார்த்துச் செய்கிற மிமிக்ரியாகத்தான் அது இருந்தது, சூசை மாதிரி இழுத்தால் அச்சு அசலாகச் சூசையே கடைவாசலில் நிற்பது போலிருந்தது. அவளால் ஊரில் எல்லாருடைய ரகத்தையும் பாட முடிந்தது. அதனால் தனக்கென்று ஒன்று வரவில்லை என்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சித்திரை கடைசியில் ஜீவமணி வந்தார். குழுவின் சொந்தக்காரர், கீபோர்டு வாசிக்கிறவர், வெளிநாட்டு வாத்தியத்தைத் தவிர மற்றதெல்லாம் தகரம் என்று முப்பது வருசமாகச் சொல்லிவந்தவர். அவருக்கு நையாண்டி மேளம் இறங்கியிருந்தது, அதிலிருந்து நடையிலேயே ஒரு துள்ளல் வந்துவிட்டதை அவரால் மறைக்க முடியவில்லை.

"மினா, அம்மன் கோயில் வைகாசிக் கொடை வருதுல்லா," என்று ஆரம்பித்தார்.

"ஆமாண்ணே. சேலையைத் துவைச்சு வச்சிருக்கேன்."

"அதான்... இந்த வருசம் ஒரு புது ஏற்பாடு. ஒரே பாட்டு. சாயங்காலம் பூரா ஒரே பாட்டு, இருவத்தாறு பேரு, இருவத்தாறு ரகம். சூசை முதல்ல. செல்லக்கனியும் வாரா. ஹெட்மாஸ்டர்கூட துண்டால முகத்த மூடிக்கிட்டு வாரேன்னுட்டாரு."

"நான் எத்தனாவது?"

ஜீவமணி ஸ்டூலில் தாளம் போட்டார். தாளம் தானாக வந்தது.

"நீ பாடினா என்னன்னா மினா... ரிக்கார்டு மாதிரியே இருக்கு."

இருபத்திரண்டு வருசமாக அந்த வாயாலேயே அந்த வார்த்தையைப் பாராட்டாகக் கேட்டுவந்தவள் அவள். அது அதே வார்த்தைதான். அவள் ரேடியோச் செய்தி வாசிப்பவரின் குரலில், "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன," என்று சொல்லிவிட்டு, அவருக்குக் காப்பி போட உள்ளே போனாள். காப்பி கொதிக்கிற நேரத்தில், தூத்துக்குடியில் இறால் உரிக்கிற கம்பெனியில் இருக்கிற தன் அக்காள் மகளுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் போட்டால் என்ன என்று நினைத்தாள். அங்கே பாடத் தேவையில்லை, கை வேகமாக இருந்தால் போதும். அந்த ஊரில் பாட்டு பழைய பாட்டாகவே இருக்கும், ஆனால் அதைப் பாடு என்று அங்கே அவளிடம் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

கடிதம் எழுதினாள். ஆனால் தபாலில் போடுவதற்கு முன்னால் பால்த்துரை அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தாள்.

பால்த்துரை அண்ணாச்சி ஐஸ் கம்பெனி முதலாளி, கொடைக் கமிட்டித் தலைவர். தேரிமுக்கு அம்மன் கொடைத் திருவிழாவில் வேறெந்த ஊரிலும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு, சேலைக்குப் பின்னால் பாடுவது என்று அதற்குப் பேர். இரண்டாம் நாள் மதியக் கொடை முடிந்ததும், அம்மனுக்குச் சாத்திய பட்டுச்சேலையை மேடையில் குறுக்கே கட்டுவார்கள். அதற்குப் பின்னால் பாடகியும் ஒரு டேப் ரிக்கார்டரும் அதை அழுத்தக் கமிட்டி ஆள் ஒருவரும் மட்டும் இருக்கவேண்டும், முன்னால் ஒரு நாற்காலியில் வாட்ச் ரிப்பேர் கொம்பையா உட்கார்ந்திருப்பார். ஒரே வரியை மிஷின் ஒருதரம், ஆள் ஒருதரம், எது முன்னே எது பின்னே என்பது பாடகியின் இஷ்டம்; வாத்தியத்தை வைத்து அடையாளம் தெரிந்துவிடாதபடி இரண்டுக்கும் குழு கூடவே வாசிக்கும். ஆள் பாடினால் கொம்பையா கையைத் தூக்கவேண்டும், மிஷின் பாடினால் இறக்கவேண்டும். மூடிய கடிகாரத்தைக் காதில் வைத்து எந்தச் சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய அந்த மனுசரால் கண்டுபிடிக்க முடியாமல் போனால் சேலை பாடகிக்கு, அந்த வருசம் சுத்துப்பட்டி முப்பது ஊரில் மேடையும் அவளுக்கு. பிலோமினாவிடம் பதினோரு சேலை இருந்தது.

"இந்த வருசமும் சேலை கட்டணும் அண்ணாச்சி," என்றாள்.

"கட்டாம? அம்மன் காரியம்லா. ஜீவமணியோட இருவத்தாறு பேரும் அதுலதான் பாடப்போறாவ."

"இருவத்தேழாவதா நான்."

அண்ணாச்சி சங்கடப்பட்டார். "ஒனக்குத்தான் தாயி இறங்கலியே."

"இறங்காட்டி என்ன? கொம்பையா அண்ணாச்சிக்கு மிஷினுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியப்பிடாது, அதான வழக்கம்? இப்ப இந்த ஊருல மிஷின் மாதிரிப் பாடுத ஆளு நான் ஒருத்திதான."

"ஆனா மிஷினே மிஷின் மாதிரிப் பாடலியே! நான் அமுக்கினா நம்ம நாதசுரம் மாதிரி வருது, ஜீவமணி அமுக்கினா அவரு மேளம். ஒனக்கு எவன் அமுக்குவான்?"

இந்தக் கேள்விக்காகக் கமிட்டி நாலு நாள் கூடியது. பாடுகிறவரே பொத்தானை அழுத்தட்டும், அப்போது டேப்பும் அவர் ரகத்தில் வரும், அவரும் அவர் ரகத்தில் பாடுவார், நியாயமாக இருக்கும் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜீவமணி மட்டும் எழுந்து நின்று, அது தொழில் முறைக்கு விரோதம், மேடைப் பாடகி டேப் மிஷினைத் தொடக்கூடாது, தொட்டால் தொண்டை மிஷினுக்குப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், தானும் அதனால்தான் இத்தனை வருசமும் மினாவுக்குப் பாட்டுப் பழக்கும்போது அழுத்துவதும் நிறுத்துவதும் தன் கையாலேயே செய்துவந்தேன் என்றார்.

"வே, ஹெட்மாஸ்டர் கானா பாடுத ஊருல இருந்துக்கிட்டு நீரு பழைய முறை பேசுதீரு," என்றார் அண்ணாச்சி. "அவ அமுக்கட்டும். அவளுக்குத்தான் மாறாதே. ஒரிஜினல்தான வரப்போவுது."

பிலோமினாவின் கணக்கும் அதுதான். அவள் பாடினால் பழைய பாட்டு என்றால், அவள் கை பட்டாலும் பழைய பாட்டுதான் வரும். வந்தால் வரிக்கு வரி அச்சு பிசகாமல் நிற்பாள், கொம்பையா தோற்பார், பன்னிரண்டாவது சேலை. தோற்றால் கடிதம் கைப்பைக்குள் இருந்தது, கொடை முடிந்த மறுநாள் காலை தூத்துக்குடி பஸ்.

கொடை வந்தது. மதியப் பூசை முடிந்து, சாமியாடிகள் குளித்து, மூவாயிரம் பேர் சோறு தின்ற கையோடு பந்தலில் உட்கார்ந்தார்கள். கருஞ்சிவப்புப் பட்டு, மஞ்சள் கரை, அதைக் கட்டினார்கள். சூசை பொத்தானை அழுத்த, பெரிய பாடகி சபாக் கச்சேரியாக ஒரு வரி பாடினார். பின்னாலேயே சூசையும் பாடினார். கொம்பையா கண்ணைத் திறக்காமலே கையை இறக்கி, கையைத் தூக்கினார். ரகம் ஒன்றுதான், ஆனால் ஒன்று தேன் தடவிய பெரிய தொண்டை, இன்னொன்று பீடி குடிக்கிற தொண்டை. இப்படியே செல்லக்கனி, இப்படியே ஏட்டையா, துண்டு போட்ட ஹெட்மாஸ்டர், புதுப்பெண்; கொம்பையா ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை, கூட்டம் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. புதுப்பெண்ணின் ஒப்பாரிக்குக் கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள், யாருக்காக என்று தெரியாமல், கைக்குக் கிடைத்தவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இருபத்தாறு பேர் பாடினார்கள், ஒருவருக்கும் சேலை கிடைக்கவில்லை, எல்லாரும் ஜெயித்தவர்கள் போல இறங்கிப்போனார்கள்.

"அடுத்து நம்ம பிலோமினா," என்று அண்ணாச்சி மைக்கில் சொன்னபோது, கூட்டம் எழுந்து சர்பத் வாங்கப் போனது.

சேலைக்குப் பின்னால் வெயில் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. பிலோமினா மிஷின் முன்னால் குனிந்தாள். இருபத்திரண்டு வருசமாகத் தன் முன்னால் ஓடிய மிஷின், எந்தப் பொத்தான் எது என்றுகூட உற்றுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மிஷினை முதலில் விடுவது என்று முடிவு செய்து, அழுத்தினாள்.

ரகம் மாறவில்லை. அதே சினிமாப் பாட்டு, அதே முன்னிசை, அதே வேகம், எல்லாம் அவள் நினைத்தபடியே. ஆனால் 'பாதி விடிஞ்சிருச்சு' என்று பாடியது பெரிய பாடகி இல்லை. யாரோ ஒருத்தி. கொஞ்சம் கனத்த தொண்டை, உப்புக்காற்றில் கிடந்த தகரக் கதவு மாதிரி ஓரத்தில் ஒரு கரகரப்பு, வரியின் கடைசியைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி எறிந்துவிடுகிற ஒரு வழக்கம். கேசட் மாறிவிட்டது என்றுதான் பிலோமினா முதலில் நினைத்தாள். ஜீவமணி சதி செய்துவிட்டார் என்று அடுத்து நினைத்தாள். மூன்றாவதாக எதையும் நினைக்க நேரமில்லை, வரி முடிந்துவிட்டது, மிஷினை நிறுத்தியாக வேண்டும், குழுவின் தபலா அடுத்த தரத்துக்குத் தட்ட ஆரம்பித்திருந்தது.

யாருடைய குரலாக இருந்தால் என்ன, ரிக்கார்டு எப்படியோ அப்படி. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அந்த முகமறியாத பொம்பிளையின் கனத்தை, கரகரப்பை, கடைசியில் எறிகிற எறிதலை அப்படியே பிடித்து அதே வரியைப் பாடினாள். பாடும்போது ஒன்று கவனித்தாள், வழக்கமாகப் பெரிய பாடகிக்காகக் கழுத்தைச் சுருக்கி, நாக்கைத் தூக்கி, மூக்கைத் தயார் செய்து அவள் செய்கிற வேலை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை, வாயைத் திறந்தால் போதுமாக இருந்தது.

சேலைக்கு முன்னால் கொம்பையா முதல் வரிக்குக் கையைத் தூக்கினார். இரண்டாவது தரத்துக்கும் கையைத் தூக்கினார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"யாருல இது பாடுதது?" என்று பந்தலில் ஒருவர் கேட்டார். சர்பத் வாங்கப் போனவர்கள் பாதி வழியில் நின்றார்கள். மேடையில் ஜீவமணி, தெரியாது என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். அடுத்த வரி வந்தது, மிஷின் ஒருதரம், ஆள் ஒருதரம், இல்லை ஆள் ஒருதரம், மிஷின் ஒருதரம். அந்தக் குரலை மேடையில் ஒருவரும் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை, ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், பிறகு ஐஸ் கம்பெனித் தெருப் பொம்பிளைகள் இருக்கும் பக்கத்திலிருந்து செல்லக்கனி எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, மைக் இல்லாமலே பந்தலுக்கே கேட்கக் கத்தினாள்:

"ஏ யாத்தே! இது குழாயடியில எங்கூடச் சண்ட போடுத தொண்டயில்லா! 'ஒன் குடத்த எடுட்டி'ன்னு வாரம் மூணு நாளு கேக்கேனே, எனக்குத் தெரியாதா? மதினி! அது நீங்கதானா?"

சேலைக்குப் பின்னால் பிலோமினா அதைக் கேட்டாள். கோபத்தில் மட்டும் இரவல் வாங்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. குனிந்து, மிஷினைப் பார்த்தாள், அது சின்ன சிவப்பு விளக்கோடு சும்மா இருந்தது. மேலே வரி பாக்கி இருந்தது, அழுத்தினாள்.

கொம்பையா அந்த வரிக்கும் கையைத் தூக்கினார். திரும்பவும் தூக்கினார். சரணம் முழுக்க அவர் கை இறங்கவே இல்லை, கடைசியில் இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன வே, எது மிஷின், எது ஆளு?" என்று அண்ணாச்சி மேடையோரத்திலிருந்து குனிந்து கேட்டார்.

"ரெண்டும் ஆளு," என்றார் கொம்பையா.

"அது எப்படி வே? உள்ள ஒரு மிஷின் இருக்கே, நாந்தான வயர் சொருகினேன்."

"நீரு சொருகியிருப்பீரு. நான் கேட்டதச் சொல்லுதேன். ரெண்டும் ஆளு."

கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று வழக்கத்தில் இருந்தது, இரண்டும் ஆள் என்றால் என்ன செய்வது என்று வழக்கத்தில் இல்லை. கமிட்டிக்காரர்கள் மேடையிலேயே வட்டமாக நின்று பேசினார்கள். கீழே கூட்டம் நாலு பக்கமும் நெருங்கி வந்துவிட்டது, சூசை டீக் கெட்டிலோடு முன்வரிசையில் நின்றார், டிரைவர் லாரியின் மேல் ஏறி நின்றார், சேலையை அவிழுங்கள், சேலையை அவிழுங்கள் என்று பிள்ளைகள் கத்தின. பாட்டு அதன்பாட்டுக்குச் சேலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணாச்சியே போய் ஒரு முனையையும் ஜீவமணி மறுமுனையையும் அவிழ்த்தார்கள், பட்டு நழுவித் தரையில் விழுந்தது, மூவாயிரம் பேரும் பிலோமினாவைப் பார்த்தார்கள்.

அவள் வாய் மூடியிருந்தது. அது மிஷினின் முறை. கடைசிச் சரணத்தின் நீளமான வரியை, பெரிய பாடகி பெயர் வாங்கியதே எந்த வரிக்காகவோ அந்த வரியை, அவளுடைய குரலில் மிஷின் பாடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மூச்சே வாங்காமல் தாண்டிப்போகிற இடத்தில் மிஷின் நின்று ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு மீதியைப் பாடி முடித்தது. பிலோமினா பொத்தானை நிறுத்தினாள். தபலா திரும்ப ஆரம்பித்தது. ரிக்கார்டில் இருப்பதை இம்மியும் கூட்டாமல் குறைக்காமல் பாடிப் பழகியவள் ஆகையால், அதே வரியை எடுத்து, அதே இடத்துக்கு வந்ததும் நின்று, ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள்.